தேய்ந்த பெடல் ரப்பரும் பேச்சியம்மாளின் காலும்

கால் வழுக்கிவிட்டது என்று கார் பழகுகிறவர் சொன்னால், முதலில் அந்தக் காலை நம்புங்கள். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். டிரைவிங் ஸ்கூலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. பொறுமை வேண்டும், நிதானம் வேண்டும், சிரித்த முகம் வேண்டும் என்று சொல்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரித்த முகம் என்றைக்கும் கிடையாது. அது இல்லாமலேதான் இந்தச் சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு பெண்களுக்குக் கார் சொல்லிக் கொடுத்துவிட்டு, போன வருஷம் வேலையை விட்டேன்.

நான் பேசப்போவது ஒரு ரப்பரைப் பற்றி. பிரேக் பெடலின் இரும்புத் தகட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டியிருக்குமே, வரி வரியாக, அந்தக் கறுப்பு ரப்பர். உள்ளங்கை அளவுகூட இருக்காது. டயரைத் தட்டிப் பார்க்கிறோம், ஆயிலை எடுத்துப் பார்க்கிறோம், ஹாரனை அடித்துப் பார்க்கிறோம். பெடல் ரப்பரை மட்டும் எவனும் குனிந்து பார்ப்பதில்லை. "ஒரு ரப்பருக்காகவா இந்தக் கூத்து?" என்று என்னை ஊரே கேட்டது. ஆமாம், ஒரு ரப்பருக்காகத்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அப்போது எங்கள் ஸ்கூலில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் கருமி இல்லை. பிரேக்கில் லேசாகச் சத்தம் வந்தால்கூட அன்றைக்கே மெக்கானிக்கிடம் அனுப்பிவிடுவார். ஆனால் அந்தக் காரை அவர் ராசியான கார் என்று முழுசாக நம்பினார். "இதுல படிச்சவன் பாஸாகாம எறங்கினதே இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதனால் டிரைவர் சீட் பக்கம் இருந்த எதையும் மாற்ற விடமாட்டார். சீட் உறை கிழிந்து பஞ்சு பிதுங்கும். ஸ்டியரிங் உறை பிசுபிசுக்கும். எல்லாம் ராசி. ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, கறுப்பாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் டயருக்குப் போடுகிற பாலிஷைத் தானே உட்கார்ந்து தேய்ப்பார். பெடலையும் விடமாட்டார். பளபளவென்று ஆக்கி, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கார் லட்சுமி, அதனால் பழகுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கோயில் வாசலில் விடுவது மாதிரி ஸ்கூல் வாசலில் வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற நாங்கள் மட்டும் ஷூ போட்டுக்கொள்ளலாம். எங்கள் காலுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் பெடல் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் நாங்கள் அதை மிதித்துக் காரை நிறுத்துவோம். அந்தப் பெடலில் இருந்த ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. அது ராசிக்கணக்கில் வராது பாருங்கள்.

பேச்சியம்மாள் வந்து சேர்ந்தது அந்தக் காரில்தான். குருவிகுளம் பக்கம் ஒரு கிராமம். கிணற்றுத் தண்ணீரை வைத்துக் கொஞ்சம் மல்லிகையும் பிச்சியும் போட்டிருந்தார்கள். பறித்த பூவைக் காலையில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவர ஒரு சின்ன லோடு வேனை அவள் புருஷன் வாங்கியிருந்தான். கிணற்று மேட்டில் விழுந்து முதுகில் அடிபட்டு அவன் படுத்த பிறகு, வேனை ஓட்ட வீட்டில் இருந்த ஒரே ஆள் அவன் தம்பி ஐயாத்துரை. அவன் எழுந்த நேரத்துக்குத்தான் வண்டி கிளம்பும். ஏலம் முடிந்து வியாபாரிகள் டீ குடிக்கப் போன பிறகு இவளுடைய பூ மார்க்கெட்டுக்குள் நுழையும். பேச்சியம்மாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் பெரிய ரகளை. கடைசியில் சொந்தக்காரப் பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு முடிவு சொன்னார்கள். டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டு தடவைக்குள் அவள் பாஸானால் வேன் அவள் கையில். இல்லாவிட்டால் ஐயாத்துரைக்கு. வேனை விற்றுவிட்டு வேறு தொழில் பார்ப்பது அவனுடைய எண்ணம். வேன் போனால் பூ போச்சு, பூ போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இதை அவள் என்னிடம் அழுது சொல்லவில்லை. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிக்கொண்டே சொன்னாள்.

கெட்டிக்காரி. நான் சொல்லிக் கொடுத்ததிலேயே இவ்வளவு சீக்கிரம் கிளச் பிடிபட்ட ஆள் குறைவு. ராஜபாளையம் ரோட்டில் பஸ்காரன் பின்னாலிருந்து அலறினாலும் தோளைக் குலுக்கிவிட்டு ஓரமாகப் போவாள். ரோட்டோரத்தில் சில பயல்கள், "ஏலே, பொம்பள வண்டி வருது, வேலிக்குள்ள ஏறிருங்கலே!" என்று கத்துவார்கள். நான் கண்ணாடியை இறக்குவதற்குள் அவளே, "ஏறி முள்ளுல உக்காருங்கடே!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

ஆயுத பூஜை முடிந்து டெஸ்ட் வந்தது. முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. டெஸ்ட் ரோட்டோரம் முழுக்கக் கரிசல் சகதி. அவள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றப் போனாள். டெஸ்ட் எடுக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"எதுக்கும்மா கழட்டுறீங்க? நாளைக்கு ரோட்டுல வெறுங்காலோடயா ஓட்டப் போறீங்க? போட்டுட்டு ஏறுங்க" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சகதி ஒட்டிய செருப்போடு ஏறினாள். நன்றாகத்தான் ஓட்டினாள். கோடு போட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார். அவளுடைய கால் பிரேக்குக்குப் போனதை நான் பார்த்தேன். போன கால் சர்ரென்று பக்கவாட்டில் நழுவியது. கார் நிற்காமல் கோட்டைத் தாண்டி, அங்கே நின்ற ஒரு பைக்கைப் பார்த்துப் போனது. நான் என் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பைக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

சொல்லிக் கொடுக்கிறவர் பிரேக்கைத் தொட்டால் ஃபெயில். அதில் பேச்சே இல்லை. இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய்விட்டார். டெஸ்ட் பார்க்க வந்திருந்த ஐயாத்துரை சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"பாத்தியளா? பிரேக்கு எங்கன இருக்குன்னே தெரியல. அடுத்த தடவயும் இப்படின்னா வேன் எனக்கு மைனி. பெறவு பெரியாளுக, சின்னாளுகன்னு யாரையும் கூட்டியாரக் கூடாது" என்றான்.

அண்ணாச்சியும் என்னிடம் அதையே வேறு மாதிரி சொன்னார். "அந்தப் புள்ளைக்குக் கால் நிக்காது. சிலருக்கு வராது, விடுங்க. நம்ம காரு பேரையும் கெடுத்துட்டா."

எல்லோரும் போன பிறகு பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள்.

"யக்கா, நான் அமுக்காம இருக்கல. எங்கால் அங்கனதான் போச்சு. வழுக்கிட்டு. சாமி சத்தியமாச் சொல்லுதேன்."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரிய வேண்டும். பயந்துபோனவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். பிரேக் பிடிக்கவில்லை, சூரியன் கண்ணில் அடித்தது, கார் தானாகப் போனது என்பார்கள். கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துப்போகும். "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட எனக்கும் வாய் வந்தது. ஆனால் நழுவியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். பதற்றத்தில் காலை வைக்காமல் விடுவது வேறு, வைத்த கால் நழுவுவது வேறு. அவளுடைய செருப்பை வாங்கினேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் அதைக் காலில் போட்டுக்கொண்டு, சகதியை நன்றாக மிதித்துவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை அமுக்கினேன்.

சர்ரென்று போனது என் கால்.

குனிந்து பார்த்தேன். ரப்பரில் வரி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. மொழுமொழுவென்று, போதாக்குறைக்கு அண்ணாச்சி தேய்த்த பாலிஷ் வேறு மினுங்கியது. வலது ஓரத்தில் ரப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கிற இரும்பு பல்லைக் காட்டியது. வெறுங்கால் இதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இத்தனை காலமும் எவருக்கும் தெரியவில்லை. பாஸாகிப் போனவர்கள் எல்லாம் காய்ந்த ரோட்டில், வெறுங்காலோடு பாஸானவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு பெண்ணுடைய பிழைப்பே போகப் பார்க்கிறது. காரணம் இந்தப் பாழாய்ப்போன ரப்பர். அதைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய் "ரப்பர் தேய்ந்திருந்தது சார், அவளை மன்னித்து விடுங்கள்" என்று கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்கவில்லை. டெஸ்ட்டுக்குக் கொண்டுவந்த கார் எங்களுடையது. அதைச் சரியாகக் கொண்டுவர வேண்டியது எங்கள் வேலை. அவர் பார்த்தது கோட்டைத் தாண்டிய காரை. நீங்களும் அதிகாரியிடம் போய் நியாயம் பேசுவதற்கு முன்னால், நம் பக்கத்தைக் கழுவிவிட்டுப் போங்கள்.

நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் அந்தக் காருக்கு உரிய ரப்பரையே கேட்டு வாங்கினேன். "எல்லாத்துக்கும் சேரும்" என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். அந்த மாதிரி ரப்பர் தகட்டைக் கவ்விப் பிடிக்காது, மிதிக்கும்போது சுற்றும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியானதைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன்.

"அண்ணாச்சி, பெடல் ரப்பர மாத்தணும்."

"எந்தப் பெடலு?"

"டிரைவர் பக்கம். சுத்தமாத் தேஞ்சு போச்சு."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது எத்தன பேரு மிதிச்சுப் பாஸான ரப்பரு தெரியுமா? அதப் போயி மாத்தச் சொல்லுதிய. கால் நிக்காதவளுக்காக ராசியக் கெடுக்கச் சொல்லுதியளா?"

"கால் நிக்காம இல்ல அண்ணாச்சி. ரப்பர் நிக்கல. நீங்க செருப்பப் போட்டுட்டு ஏறிப் பாருங்க."

"நான் என் வண்டியில செருப்போட ஏற மாட்டேன்."

அத்தோடு பேச்சு முடிந்தது. அடுத்த டெஸ்ட் வரைக்கும் நான் தினமும் கேட்டேன், அவர் தினமும் மறுத்தார். நடுவில் கொஞ்சம் இறங்கிவந்து, "சைக்கிள் டியூப வெட்டி அது மேல சுத்திக்கிடுங்க, பழசு உள்ளயே இருக்கட்டும்" என்றார். சமாதானமாகப் போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றும் இடம் இது. போகாதீர்கள். சுற்றிய டியூப் ஒரு நாளைக்கு அவிழும். அவிழ்கிற நாள் எது என்று நமக்குச் சொல்லிவிட்டு அவிழாது. முடியாது என்றேன்.

மறு டெஸ்ட் அன்று காலை மறுபடியும் தூறல். பேச்சியம்மாள் வந்து வாசலில் நின்றாள். அண்ணாச்சி சாவியை மேஜையில் வைத்தார்.

"கடைசியாக் கேக்கேன் அண்ணாச்சி. மாத்தலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்னா வேண்டாம். இஷ்டம்னா கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா வீட்டுக்குப் போங்க."

நான் கார் கதவைத் திறந்தேன். குனிந்து, இரும்பு தெரிந்த ஓரத்தில் விரலை விட்டு, பழைய ரப்பரை ஒரே இழுப்பில் பிய்த்து எடுத்தேன். நைந்து போயிருந்தது, சொன்னபடி வந்தது. அதைக் கொண்டுபோய் அவருடைய மேஜையில் பேப்பர் மேல் வைத்தேன்.

"இந்தாங்க உங்க ராசி. பத்திரமா வச்சுக்கிடுங்க. இப்ப வண்டியில ரப்பரே இல்ல. புதுசு போடாம இது எங்கயும் போவாது."

அவர் முகம் சிவந்துபோனது. "நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்" என்றார். சரி என்றேன். அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். வேலையை விட்டு நிறுத்தியவர் அதைப் பற்றிக் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் அன்று காலை என் வேலை போய்விட்டது என்றுதான் நான் நம்பினேன். இருந்தாலும் புது ரப்பரை டீக்கடையில் வாங்கிய வெந்நீரில் போட்டு இளக்கி, தகட்டின் நாலு ஓரத்திலும் அதன் உதடு கவ்வியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்து மாட்டினேன். "ஏட்டி, ஏறு. செருப்போட ஏறு. நல்லாச் சகதிய மிதிச்சுட்டு ஏறு" என்றேன். டெஸ்ட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளைப் பிரேக் பிடிக்கவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எங்கள் பரம்பரையையே திட்டினார்கள். திட்டட்டும்.

அதே இன்ஸ்பெக்டர். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "போன தடவ வண்டிய நிறுத்துனது உங்க கால். இன்னைக்கு உங்க காலத்தான் பாத்துட்டு இருப்பேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஷூவைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னம்மா இது, பந்தியில உக்காந்த மாதிரி?"

"பாத்துக்கிடுங்க சார். ரெண்டும் இங்கனதான் இருக்கு."

நீங்கள் இதைச் செய்யாதீர்கள். செய்தால் வேலை போகும், போகத்தான் வேண்டும். என் வலது கை ஹேண்ட் பிரேக்கை ஒட்டியே இருந்தது. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் காலை மடக்கியதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அவளை நான் நம்புகிறேன் என்று அந்த இடத்தில் யாராவது ஒருத்தர் காட்ட வேண்டியிருந்தது.

கோடு போட்ட இடத்தில் ஒழுங்காக நிறுத்தினாள். திரும்பச் சொன்னார், திரும்பினாள். இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொன்னார். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது இடது பக்கம் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆட்டு மந்தை குபுகுபுவென்று ரோட்டில் ஏறியது. மந்தைக்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வந்தார். என் கை ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் பிடித்தது. பேச்சியம்மாளின் கால் இறங்கியது. ஈரச் செருப்பு ரப்பரைப் பிடித்தது. கார் முன்பக்கம் அமுங்கி, அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டரின் நெற்றி என் சீட்டில் முட்டியது. ஹேண்ட் பிரேக் இருந்த இடத்திலேயே இருந்தது.

பேச்சியம்மாள் கண்ணாடியை இறக்கினாள். "ஏ அண்ணாச்சி! ஆட்ட மேய்க்கியளா, இல்ல ஆடு உங்கள மேய்க்கா?"

பின்சீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "போதும்மா, திருப்புங்க. பாஸ்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையில்லை, வெறி. ஜெயித்த வெறி. அதை நீங்களும் ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பூ வேன் நின்றது. ஐயாத்துரை டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். அவள் ஃபெயிலாகிவிடுவாள், அங்கேயிருந்து அப்படியே வேனை விலை பேசக் கொண்டுபோகலாம் என்று கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தான். பேச்சியம்மாள் நேராக அந்தக் கதவுக்குப் போனாள்.

"எறங்கு."

"நான் ஓட்டியாரேன் மைனி. உங்களுக்கு லைசென்ஸ் இன்னும் கைக்கு வரலல்லா?"

"அதுவரைக்கும் லைசென்ஸ் உள்ள ஆளு பக்கத்துல உக்காந்தாப் போதும். உங்கிட்டதான் இருக்கே. எறங்கி அந்தப் பக்கமா ஏறு."

அவன் என்னைப் பார்த்தான். நான் எங்கள் காரிலிருந்த எல் போர்டை எடுத்துவந்து வேனின் முன்னால் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இறங்கினான். வேனைச் சுற்றிப்போய் இடது பக்கம் ஏறினான்.

பேச்சியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்து கிளச்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மறுபடியும் ஸ்டார்ட் செய்தாள். கியரைப் போட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஐயாத்துரை, பெல்ட்டப் போடு."

போட்டான்.